சீரியல் செட் கட்டுவோர்

திருவிழா இரவுகளில் கோயில் வீதியின் முகப்பில் பனை உயரத்துக்கு எழுந்து நின்று, பச்சையும் சிவப்புமாய்ப் பிரகாசித்து, கையிலுள்ள கிளி தலையசைக்கக் காட்சி தரும் மின்விளக்கு மீனாட்சியைக் கண்டு களித்தவர் பலர்; அவ்வுருவத்தைச் சட்டத்திலும் ஒயரிலும் சிருஷ்டிக்கின்ற தொழிலாளர்களை அவர்களுடைய கொட்டகைக்கே சென்று கண்டவர் சிலரே. சித்திரைத் திருவிழாவுக்குச் சற்று முன்னதாக, மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள அத்தகைய கொட்டகை ஒன்றில் அமர்ந்து அவர்கள் வேலையைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

மரச் சட்டத்தில் சாக்கட்டியால் வரைந்த கோட்டின் வழியே பல்புகளை வரிசையாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். பழைய மாதிரிச் சிறு பல்பு ஒன்று தாங்கக்கூடியது 6 வோல்ட். வீதிக் கம்பத்திலிருந்து வருவதோ 230 வோல்ட். ஆகவே ஒரு பல்பின் வழியே புறப்பட்ட மின்சாரத்துக்கு அடுத்த பல்பைத் தவிர வேறு மார்க்கம் இல்லாதபடி 40 பல்புகளைக் கோத்துவிட்டால், ஓட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்க, அழுத்தம் மட்டும் பங்காகி, பல்புக்கு 5¾ வோல்ட் வீதம் வந்து சேருகிறது. ஜெர்மானிய உபாத்தியாயர் ஓம் 1827-இல் வெளியிட்ட நியமம் இதற்கு ஆதாரம். அதைப் பள்ளியில் படிக்காத கொட்டகைத் தலைவர், எட்டாம் வகுப்போடு நின்றவர், கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கிறார். அறுந்த பல்பை நீக்கிவிட்டு ஒயரை முறுக்கி விட்டால் விளக்கு எரியுமே என்று கேட்டேன். "எரியும் சார். ஆனா அஞ்சு பல்பை அப்படி எடுத்துட்டா மிச்சம் 35-க்கும் பாரம் கூடிரும். ராத்திரி விடியறதுக்குள்ள ஒண்ணொண்ணாப் போயிரும்" என்றார். வகுத்துப் பார்த்தேன்: பல்புக்கு ஆறரை வோல்ட்டுக்கும் மேல்.

முழு உருவமும் ஒரே சரமாக இருக்குமானால் ஒரு பல்பின் மரணத்தில் அம்மனே மறைந்துபோவாள். அதனால் கிரீடம், தோள், கிளி, பட்டின் கரை என்று அங்கம் அங்கமாகத் தனிச் சரம் கட்டி, சரங்கள் யாவற்றையும் அக்கம்பக்கமாக 230 வோல்ட்டிலேயே நேரே இணைக்கிறார்கள். இங்கே அழுத்தம் எல்லாச் சரத்துக்கும் ஒன்று. ஓட்டமோ சரத்துக்குச் சரம் கூடிக்கொண்டே போவதால், அனைத்தையும் சுமக்கும் தாய் ஒயர் தடித்திருக்க வேண்டும். கண்கள் இரண்டையும் ஒரே சரத்தில் ஒருபோதும் சேர்க்க மாட்டோம் என்று ஓர் இளைஞர் சொன்னார். அந்தப் பக்தியும் அந்தச் சாஸ்திரமும் ஒரே வாக்கியத்தில் இணைந்து வந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சியளித்தது.

இருண்ட சரத்தில் கெட்ட பல்பை அவர்கள் தேடும் விதமே அன்று நான் கண்டவற்றுள் மிக விசேஷமானது. முதல் பல்பிலிருந்து தேடுவதில்லை. நடுவில் டெஸ்டரை வைப்பார்கள். அது ஒளிர்ந்தால் மின்சாரம் அவ்விடம் வரை வந்துவிட்டது, பழுது அப்பால், ஒளிராவிட்டால் இப்பால். மீந்த பாதியின் நடுவில் மறுபடி வைப்பார்கள். 40 என்பது 20 ஆகி, 10 ஆகி, 5 ஆகி, தேடிய பல்பு நொடியில் கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் கைக்கு வரும் அந்தப் பல்பே அபாயமானது. எரிகின்ற பல்பின் இரு கால்களுக்கு இடையே உள்ள அழுத்தம் 6 வோல்ட்டுக்கு மேல் இல்லை. பல்பு அறுந்த கணத்தில் ஓட்டம் நின்று, மற்றப் பல்புகளில் அழுத்தம் சிறிதும் செலவாகாமல், 230 வோல்ட்டும் அந்த அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கிடையே வந்து நின்றுவிடுகிறது. "இருட்டா இருக்கேன்னு கை வச்சிராதீங்க சார். செத்த பல்புலதான் கரண்டு முழுசா நிக்கும்" என்று தலைவர் என்னை எச்சரித்தார். எச்சரித்தவரே, மழை தூறிய மண்ணில் வெறுங்காலோடு நின்று, பிளக்கைக் கழற்றாமலே ஒயரைப் பல்லால் சீவினார். வாடகை குறித்த நேரத்துக்குள் விளக்கு எரியாவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்பதே காரணம்.

எல்.இ.டி. வந்த பிறகு மின்செலவு குறைந்தது. மேற்சொன்ன அபாயம் குறையவில்லை. ஃபியூஸ் ஒயரைக் காக்கும், மனிதரைக் காக்காது: 5 ஆம்பியர் ஃபியூஸ் அறுவதற்கு நெடுநேரம் முன்பே, ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இருதயத்தை நிறுத்திவிடக்கூடும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவி அதற்காகவே உள்ளது. எனினும், ஈரமில்லாத பலகையில் நின்று இரு முனைகளையும் இரு கைகளால் பற்றினால், மின்சாரம் பூமிக்குக் கசியாததால் அக்கருவியும் உதவாது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடுவதற்கு மாற்று வேறில்லை.

திருவிழாக் கமிட்டியாரிடம் என் விண்ணப்பம் இது: விளக்கு வாடகை பேசும்போதே இ.எல்.சி.பி.யையும் ரப்பர் கையுறையையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு சரம் அணைந்தால், அதைக் கழற்றிச் சரிசெய்யப் பத்து நிமிஷம் அவர்களுக்குக் கொடுங்கள்.