கறுப்பு ஒயர் மகாத்மியம்

இங்கிலாந்தில் நாரிச் நகரத்தை ஒட்டி ஹெத்தல் என்றொரு ஊர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய இடம். 1966-ல் லோட்டஸ் கார் கம்பெனி இங்கே குடிவந்தது. அன்றைக்கு அவர்களின் பைபர்கிளாஸ் 'எலான்' காரை உதிரியாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். பர்ச்சேஸ் டாக்ஸ் மிச்சம்! 1973-ல் 'வாட்' வரி வந்து அந்தச் சலுகை போச்சு. ஆசை போகுமா?

பக்கத்துக் கிராமத்தில் ஒரு ரிட்டயர்டு பெரியவரின் ஷெட்டுக்குப் போனேன். பேரனை உட்கார வைத்து ஓட்டப்போகிற பைபர் கிட் கார். பழைய ஒயரிங்கை மொத்தமாக உருவிப் போட்டிருந்தார். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்ததாம். பின்னால் வருகிறவன் என்னவென்று நினைப்பான்?

"இரும்பு பாடின்னா கரண்ட் அது வழியாவே பேட்டரிக்குத் திரும்பிடும். பைபர்ல அது நடக்காது. எர்த் லூஸா இருந்தா, பக்கத்து பல்பு வழியா சுத்திப் போகும்" என்றார்.

அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கறுப்பு எர்த் ஒயர். மற்றதும் பழைய பிரிட்டிஷ் கார் வழக்கப்படியே: பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், வெள்ளைக்குச் சாவி திருப்ப வேண்டும், பச்சை, அதிலிருந்தே ஃப்யூஸ் தாண்டி வருவது. நாளைக்கு யார் பிரித்தாலும் புரியும்!

என்னைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதித்தார். சிவப்பு மட்டும், பளிச்!

உங்கள் பைக்கில் இண்டிகேட்டர் மங்குகிறதா ஸார்? பல்பு வாங்க ஓடுமுன், கறுப்பு ஒயரோ எதுவோ, அந்த எர்த்தைக் கொஞ்சம் பாருங்கள்.