ராபின்சன் பூங்காவுல டர்ஃப் போடலாமா?

காலேஜ்ல "ராயபுரம்"னு சொன்னா அடுத்த கேள்வி காசிமேடு மீனைப் பத்தித்தான் வரும். மீனும் உண்டு. ஆனா இது ஒரு பூங்காவைப் பத்தி.

அறிஞர் அண்ணா பூங்கா. பெரியவங்களுக்கு இன்னும் ராபின்சன் பூங்காதான். 1949 செப்டம்பர் 18 அன்னிக்கு, கொட்டுற மழையில, திமுகவோட முதல் பொதுக்கூட்டம் நடந்தது இங்கதான். அந்தக் கட்சி உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதாங்கறது வேற விஷயம். தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்ட ஒரு கூட்டம் கூட, எங்க ஏரியாவுல ஒரு திறந்த இடம் இருந்துச்சு.

இன்னொரு பக்கம், எங்க பசங்களுக்கு விளையாட இடம் இல்ல. அதுக்கு ஒரு இன்ஜினியரிங் காரணமே இருக்கு. சிவில் பசங்க கவனிங்க. நம்ம கடற்கரையில மணல் வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் கட்ட ஆரம்பிச்ச சென்னைத் துறைமுகம் அதைத் தடுத்துச்சு. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்குப் பக்கம் மணல் வராம, கடல் கரையைத் தின்னுச்சு. இன்னைக்கு நீங்க மெரினாவுல கிரிக்கெட் ஆடுறீங்க. எங்க பக்கம் கரை நெடுக கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க. அதுல ஸ்டம்ப் நட்டுக் காட்டுங்க பார்ப்போம்.

அதனால "பூங்கா ஓரமா ஒரு டர்ஃப் போடுங்க"ன்னு யாராவது கேட்டா எனக்குக் கோபம் வராது. என் தம்பியே கேட்பான். ரெண்டு ஆட்டோவுக்கு நடுவுல பந்து ஆடுறவன்கிட்ட போய் பாரம்பரியம்னு பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனா பீப்பிள்ஸ் பார்க் கதையைக் கேளுங்க. சென்ட்ரல் பக்கத்துல, கவர்னர் ட்ரெவெல்யன் காலத்துல திட்டம் போட்ட பூங்கா, 116 ஏக்கர். அதுல விக்டோரியா பப்ளிக் ஹால் வந்துச்சு. மூர் மார்க்கெட் வந்துச்சு. 1913-ல ரிப்பன் மாளிகை. அப்புறம் ஸ்டேடியம். தனித்தனியா பார்த்தா எதுவுமே கெட்டது இல்ல, ரிப்பன் மாளிகையே இப்போ பாரம்பரியக் கட்டடம். ஆனா பீப்பிள்ஸ் பார்க் எங்கன்னு கேட்டா, மை லேடிஸ் பூங்கான்னு மிச்சம் இருக்கற ஒரு துண்டைத்தான் காட்டணும்.

அப்புறம் காசு. 2024 அக்டோபர் கடைசியில மாநகராட்சி மன்றத்துல ஒரு தீர்மானம் போட்டாங்க: செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியார்கிட்ட விடலாம், ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். டீமுக்கு ஏழு பேர்னா மொத்தம் 1,680 ரூபாய், ஒரே ஒரு மணி நேரத்துக்கு! எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா டர்ஃப்னு வந்துட்டா வேலி வரும், வேலி வந்தா பூட்டு வரும், பின்னாடியே புக்கிங் வரும். பூங்காவுல நான் காப்பாத்தச் சொல்றது பழைய பெஞ்சை இல்ல, யார் வேணா உள்ள வரலாம்கிறதைத்தான். புல்-அப் கம்பி வைங்க, நடைபாதை போடுங்க, தாராளமா. சுவர் மட்டும் வேண்டாம்.

கேரம் ஆடுறவங்களுக்கோ பூங்காவே தேவையில்ல. 2008-ல உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடி. 2024 உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கின காசிமா புது வண்ணாரப்பேட்டை. ஒரு ரூமும் நல்ல லைட்டும் கொடுத்தா இன்னும் பத்து பேர் வருவாங்க.

சரி, பந்து ஆட எங்க போறது? 1959-லேயே பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி மூணையும் ஒரே தலைப்புல வச்சுப் பாதுகாக்க இங்க சட்டம் வந்தாச்சு. ஒண்ணை அழிச்சு இன்னொண்ணைக் கட்டுறது அந்தச் சட்டத்தோட நோக்கமா இருக்க முடியாது. இருக்கற மைதானத்தை முதல்ல திறந்து விடலாமே. எங்க வீட்டுக்கிட்ட ஒரு ஸ்கூல் கிரவுண்டு இருக்கு, சாயங்காலம் ஆனா கேட் பூட்டிடும். பசங்க சுவர் ஏறிக் குதிச்சுத்தான் ஆடுறாங்க. வாட்ச்மேன் அண்ணன் பாதி நாள் கண்டுக்கறதில்ல.