ஹோட்டன் சமவெளியில் ஒரு மரை

கடல் மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்தில் விரிந்து கிடக்கிறது ஹோட்டன் சமவெளி. உலக முடிவைக் காட்டுவதற்காக மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஒருநாள் விடியற்காலையில் அங்கே சென்றிருந்தேன். மூடுபனி விலகியபோது, பாதையோரத்தில் ஆண் மரையொன்று கிளைத்த கொம்புகளுடன் கம்பீரமாக நின்றது.

இவ்விலங்கை ஆங்கிலத் துரைமார் 'எல்க்' என்றே அழைத்தனர். ஐரோப்பாவில் அப்பெயர் பெற்ற விலங்கு வேறு. நமது மரையோ தமிழகத்தார் கடமான் என்று வழங்கும் இனம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவித் துரத்தி, கத்தியாற் குத்தி இவற்றை வேட்டையாடினார். அந்த வேட்டைக் காலம் மறைந்துவிட்டது. 1988இல் இச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. ஆனால், வருவோர் ஊட்டிப் பழக்கியதனால் மரைகள் சில மனிதரைக் கண்டதும் உணவை எதிர்பார்த்து அருகே வருகின்றன.

நாங்கள் கண்டதும் அத்தகையதே. "பாவம் சேர், பசிக்கிறது போலும்" என்று கூறி மாணவனொருவன் பிஸ்கட் நீட்டினான். நானும் புன்னகையுடன் பார்த்து நின்றேன். பிஸ்கட் தீர்ந்தது. வெறுங்கையை விரித்துக் காட்டினான். மரை விலகவில்லை. முன்காலால் நிலத்தை உதைத்துத் தலையைத் தாழ்த்தியது. கொம்பு நுனிகள் பையனின் நெஞ்சுக்கு நேரே நின்றன. பெற்றோர் என்னை நம்பி அனுப்பிய பிள்ளை! என் நாவு உலர்ந்துவிட்டது.

அவ்வேளை அங்கு வந்த காவலர் தணிந்த குரலில், "தம்பி, ஓடாதே. அதன்மேற் கண்ணை வைத்தபடியே மெல்லப் பின்னே வா" என்றார். அவன் அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினான். சற்று நேரத்தில் மரை தலை நிமிர்த்தி, புல்வெளியினுள் நடந்து சென்றது.

பின்னர் அக்காவலர் எங்களுக்குச் சில புத்திமதிகள் கூறினார். வளர்ந்த ஆண் மரை 200 கிலோவுக்கு மேலும் நிறை கொள்ளும். துணை தேடும் காலத்தில் அதன் சினம் பொல்லாதது. தாய்க்கும் கன்றுக்கும் இடையே புகுதல் ஆகாது. எவ்விலங்கையும் வழிமறித்து நிற்றலும் ஆகாது. உறையோடு உணவை எறிந்தால், விழுங்கிய பொலித்தீன் வயிற்றில் தங்கி அதன் உயிரை வாங்கிவிடும்.

"உணவு கொடுத்தவர் போய்விடுவார், ஐயா. பிறகு வெறுங்கையோடு வருபவர்தாம் முட்டுப்படுவார்" என்றார் அவர்.

குற்றம் பையனுடையதன்று, தடுக்க வேண்டிய இடத்தில் புன்னகைத்து நின்ற என்னுடையதே. திரும்பும் வழியில், ஓடைக்கு அப்பால் கன்றுடன் ஒரு பெண் மரை தென்பட்டது. முன்னே சென்ற அதே மாணவன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். எட்ட நின்றே கண்குளிரக் கண்டோம்.