ஷேக் ஆன படம்

முகூர்த்த நாளில் கயத்தாறு மண்டபங்களில் மணமக்களின் முகத்தைப் பார்ப்பது சிரமம். நான் போயிருந்த கல்யாணத்தில் டிரெடிஷனலுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர், வீடியோவுக்கு இருவர் என்று மேடையை மறித்து நின்றார்கள். வெளியே டிரோன் வேறு. சொந்தபந்தங்களுக்குக் கிடைத்தது கேமராக்காரர்களின் முதுகு தரிசனம்.

நான் பார்க்கப் போனது அந்த டிரெடிஷனல் அண்ணாச்சியை. பென்டாக்ஸ் கே1000-இல் தொழில் பழகியவர். ரோலுக்கு 36 படம். ஃபிளாஷ் போட்டால் ஷட்டரை நொடியில் 60-இல் ஒரு பங்குக்கு மேல் வேகமாக வைக்க முடியாது. ஒருமுறை அடித்தபின் மறுபடி சார்ஜ் ஏறச் சில நொடிகள் ஆகும். தாலி ஏறும் நேரத்தில் ஃபிளாஷ் ஏறாமல் நின்றால் போச்சு.

"ஐயரு விரல ஆட்டுனதும் தவில்காரர் நிமிருவாரு. அப்பமே கேமராவத் தூக்கிரணும், தம்பி. கெட்டிமேளம் கேட்ட பெறவு தூக்குனா லேட்டு."

இன்றைய கேமராவுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. ஆனால் அட்சதை மழையிலும் ஓமப்புகையிலும் ஆட்டோ போக்கஸ் தடுமாறத்தான் செய்கிறது. அன்றும் தடுமாறியது. "மாப்ள, கயித்த அப்படியே பிடிங்க, ஒரு செகண்ட்" என்றார் கேண்டிட் தம்பி. மாப்பிள்ளை கையை நிறுத்தி லென்ஸைப் பார்த்துச் சிரித்தார். படம் பளிங்கு போல வந்தது. சொல்லிவைத்துச் சிரிப்பதற்குக் கேண்டிட் என்ற பெயர் எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அண்ணாச்சி அந்நேரம் மேடைக்கு முதுகு காட்டி நின்றார். தூண் ஓரத்தில் பெண்ணின் அப்பா, தூவ மறந்த அட்சதையைக் கைக்குள் பொத்தியபடி. வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் அடித்தால் அவர் சுதாரித்துவிடுவார். அடிக்காமல் எடுத்ததைத் திரையில் காட்டினார். கை ஆடியிருந்தது.

"ஷேக்தான். அழிக்க மாட்டேன்."

1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் ராபர்ட் காப்பா எடுத்த படங்களும் ஆடி மங்கியவைதாம். அவற்றைக் குறை சொல்லி யாரும் ஒதுக்கிவிடவில்லை. இதே கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799-இல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அந்த இடைவெளியில்தான் சினிமாவில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜியின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மங்கலாகவேனும் ஒரு படம் இருந்திருந்தால்!

ஆடிய படத்தை அழிக்க மாட்டார் என்பதற்காக அண்ணாச்சி கவனக்குறைவை மன்னிப்பவர் இல்லை. குரூப் போட்டோவில் ஒருவர் கண் மூடியிருந்தாலும் உதவியாள் பையனுக்குத் திட்டு விழும். நின்று எடுக்கிற படத்தில் பிழைக்குச் சாக்கு கிடையாது என்பார்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வரும் வீட்டார் கேட்பதோ வேறு. "பொண்ணு கருப்பாத் தெரியுது, கொஞ்சம் வெளுப்பாக்கிருங்க" என்பதுதான் முதல் பேச்சு. கரிசல்காட்டு நிறத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் சுண்ணாம்படித்துக் கொடுக்கிறார்கள். தூணோரத்து அப்பா அந்த ஆல்பத்தில் இடம்பெறுவது சந்தேகமே.

ஆனால் அதே வீட்டார் வருஷங்கள் கழித்து ஸ்டூடியோவுக்கு வருவதுண்டு. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அப்பாவின் முகம் வேண்டும். மேடையில் விறைத்து நிற்கும் படத்தைத் தள்ளிவிட்டு, "இதுல அப்பா மாதிரியே இல்ல, வேற இருக்கா?" என்பார்கள். அண்ணாச்சி பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுப்பார். பெரும்பாலும் பந்தியில் எடுத்த ஏதாவது ஒன்றுதான் தேறுமாம்.

பேச்சுக்கு நடுவே பையன் மேடையில் மொய்க்கவர் வரிசையை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏல, அத வீடியோக்காரன் பாத்துக்கிடுவான். நீ பந்திக்குப் போ. சாம்பார் வாளி தூக்குறவங்க, எலை எடுக்குறவங்க ஒருத்தர விடாத. யாரையும் இங்க பாருங்கன்னு சொல்லாத."