களிம்பு வேறு, நிறம் வேறு

என் தாயார் அணிந்திருந்த செப்புக் காப்பையும் பவளம் பதித்த செப்பு மோதிரத்தையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கும்பகோணத்தில், உலோகம் தட்டும் ஓசை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும் தெரு ஒன்றில், முதிய கன்னார் ஒருவருடைய பட்டறைத் திண்ணையில் சென்ற மாதம் ஒரு நாள் முழுவதும் அமர்ந்திருந்தேன்.

அவர் தடித்த செப்புக் கம்பியை அடைகல்மேல் வைத்துக் காப்புக்காகத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்டச் செம்பு விறைத்துக்கொள்ளும். விறைத்ததை மேலும் அடித்தால் வெடிப்பு விடும். ஆதலால் அடிக்கடி அதை உலையிலிட்டு, மங்கிய செந்நிறம் ஏறியதும் கொறட்டால் எடுத்து நீரில் தோய்த்தார். எஃகு அவ்வாறு தோய்த்தால் கடினப்படும். செம்போ இளகிக் கொடுக்கும். உலையில் படிந்த கருஞ்செதிலைப் புளித்தண்ணீர் கரைத்துவிட, பிறந்த குழந்தையின் மேனிபோல் ரோஜா வர்ணத்தில் கம்பி வெளிப்பட்ட அந்தக் க்ஷணத்தை நான் மறக்கமாட்டேன்.

மோதிரத்தை நீட்டியதும் அவர் முகம் வாடியது.

"இதைப் புளியில ஊறப்போட்டீங்களா, தம்பி?"

ஆம், பொங்கலுக்கு முன் புளியும் உப்பும் கரைத்து ஓர் இரவு முழுவதும் ஊறவைத்தவன் நான்தான். செம்பு பளபளத்தது, பவளம் வெளுத்து ஒளியிழந்தது. பவளமும் முத்தும் சுண்ணாம்பின் இனம். புளிப்பு அவற்றை அரித்துவிடும். சாணைபிடித்தால் மெருகு ஓரளவு திரும்பும், கல் சிறுத்துப்போகும் என்றார். அப்படியே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு காப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். வருஷக்கணக்காகச் செங்கற்பொடியால் தேய்த்ததில் கொடி வேலைப்பாடு பாதி மழுங்கிவிட்டிருந்தது.

"களிம்பு வேறு, நிறம் வேறு, தம்பி. களிம்பை எடுக்கணும், நிறத்தை விட்டுடணும்."

காற்றுப்பட்டுச் செம்பின்மேல் மெல்லப் படரும் தவிட்டு நிறம் அழுக்கன்று, உலோகத்தை ஓரளவு காக்கும் போர்வை. வியர்வையின் உப்பும் ஈரமும் தங்கும் இடுக்குகளில் பச்சையாகப் பூக்கிறதே, அதுதான் களிம்பு. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமை கூறியதன் பொருத்தம், அந்தக் கொடியின் பள்ளங்களை உற்று நோக்கியபோது எனக்கு நன்கு விளங்கிற்று. கைவேலைப்பாடுள்ள செப்பு நகையைப் புதுக்காசுபோல் மின்னச்செய்ய வேண்டும் என்ற ஆசையே அதற்குப் பெரிய சத்துரு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

மூங்கில் சிம்பை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து, பச்சை கண்ட வரிகளை மாத்திரம் அவர் வருடினார். புளிப்பு மிச்சமிருந்தால் களிம்பு மீண்டும் பூக்கும் என்று மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் ஒற்றி, வெயிலில் காயவைத்தார். காப்பில் சூடு இருக்கும்போதே தேன்மெழுகைத் துளியளவு தேய்த்துத் துணியால் துடைத்தார். இரவில் கழற்றியதும் வியர்வையைத் துடைக்க வேண்டும். ரப்பர் வளையத்தில் சுற்றிவைத்தால் அதிலுள்ள கந்தகம் கறுக்கவைத்துவிடும், பருத்தித் துணியே போதும் என்றார்.

கூலி கேட்டேன், மெழுகுக்கு என்ன கூலி என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் கம்பியை உலையில் இட்டார்.