எடை

பக்கவாதம் வந்தவரின் உடம்பை இரண்டு தராசுகள் நிறுக்கின்றன. ஒன்று கிலோக் கணக்கு. மற்றது பார்த்தெல் அட்டவணை. மஹோனி, பார்த்தெல் என்ற இருவர் 1965-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் வெளியிட்டது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலஜலக் கட்டுப்பாடு, நடை, மாடிப்படி என்று பத்துக் காரியங்கள். ஐந்தைந்தாக ஏறும் மதிப்பெண். மொத்தம் 100. நாள் முழுக்க எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கும் எனக்கு முதலில் இது பிடித்துத்தான் இருந்தது.

அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்தபோது அவர் 52 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். பார்க்க வந்தவர்களெல்லாம் ‘நல்லவேளை, ஒல்லி உடம்பு, தூக்கச் சுலபம்’ என்றார்கள். தூக்குகிறவள் அம்மா என்பதால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் மருத்துவ ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன. பக்கவாதத்துக்குப் பின் அன்றாடக் காரியங்களைத் திரும்பப் பெறுவதில் மெலிந்தவர்களே பின்தங்குகிறார்கள். சற்றுப் பருத்தவர்கள் அவர்களைவிட நன்றாகத் தேறுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பருமன் பக்கவாதத்துக்கே ஒரு காரணம் என்பதால் இதை முரண் என்கிறார்கள். எனக்கு இதில் பெரிய முரண் தெரியவில்லை. மெலிந்தவர்களில் பலர் ஏற்கனவே மூப்பாலோ வேறு நோயாலோ கரைந்துகொண்டிருந்தவர்கள். கொழுப்பு அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. மேலும் எடை என்பது எதன் எடை? உயரத்தையும் எடையையும் வகுத்துச் சொல்லும் கணக்கு, 1830-களில் கெத்லே என்ற பெல்ஜியக்காரர் சராசரி மனிதனைத் தேடிப் போட்டது. விழுந்த காலில் தசை வற்றுவது அதற்குத் தெரியாது.

மூன்று மாதத்தில் அப்பாவின் மதிப்பெண் 35-லிருந்து 60 ஆயிற்று. எடை 45 ஆயிற்று. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருவர் தேறிக்கொண்டே தேய முடியுமா? விழுங்குவதில் இருந்த சிரமம் முதல் மாதத்திலேயே சரியாகிவிட்டிருந்தது. பசி இல்லை என்றார். அப்படித்தான் குறித்துக்கொண்டார்கள்.

அட்டவணையில் சாப்பாட்டுக்கு 10. ரொட்டியில் வெண்ணெய் தடவ முடிகிறதா, உணவைத் துண்டு போட முடிகிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. எந்தக் கையால் என்று கேட்கவில்லை. உடுத்துவதில் ஷூவுக்கு நாடா கட்டுவது உண்டு. ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியாது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. (ஒட்டுப்பட்டை வைத்த வேட்டி வாங்கிக் கொடுத்தோம். ‘பிள்ளைகள் சட்டை மாதிரி’ என்றார். ஆனாலும் கட்டிக்கொண்டார்.) பயிற்சியாளர் ஸ்பூனை இடது கையில் கொடுத்தபோது அப்பா எடுத்து வாயில் வைத்துக் காட்டினார். பத்துக்குப் பத்து.

நம் வட்டத்தில் பக்கவாதம் என்றதும் டிரான்ஸ்ட்ரோமரைச் சொல்வார்கள். 1990-ல் பேச்சும் வலது கையும் போனபின் அந்த ஸ்வீடிஷ் கவி இடது கையால் பியானோ வாசித்தார், 2011-ல் நோபல். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே இடது கைக்கென்றே எழுதப்பட்ட சங்கீதம் உண்டு. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த ஒரு பியானோக் கலைஞருக்காக ராவெல் ஒரு கான்செர்ட்டோவே எழுதியிருக்கிறார். அப்பாவின் இடது கைக்கு எழுபது வருஷமாக இருந்த வேலை ஒன்றுதான். அதைக் கழுவப் பழக்கியிருக்கிறோம், சோற்றில் வைக்கப் பழக்கவில்லை. பயிற்சியாளர் முன்னால் வைத்துக் காட்டியது பரீட்சைக்கு. வீட்டில், மருமகளும் பேரனும் இருக்கும் கூடத்தில், அவருக்குப் பசி இல்லை.

அம்மா ஊட்டிப் பார்த்தாள். நாலு வாய்க்கு மேல் தலையைத் திருப்பிக்கொள்வார். மதிப்பெண் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 100 வாங்கியவராலும் தனியே வாழ முடியும் என்று அர்த்தமில்லை என்பதை அட்டவணையை உண்டாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் விமர்சனம் எழுதுகிறவன். அளவுகோல் எதை அளக்கவில்லை என்று கேட்பது எனக்குத் தொழில். அம்மா அந்த மாதிரிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் தட்டில் சாதத்தைப் பிசைந்து, முட்டை ஒன்றை மசித்துப் போட்டு, ஸ்பூனையும் வைத்து, அவரைப் பின்கட்டு அறையில் உட்கார்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். முழுக்கச் சாத்தவில்லை. இருமல் சத்தம் கேட்கிற அளவுக்கு இடைவெளி.

போன வாரம் நிறுத்தபோது 48 கிலோ. அட்டவணையில் சாப்பாட்டுக்கு அன்றும் அதே 10தான்.