மச்சு பிச்சுவின் மேற்கு வழி

பெரு நாட்டின் தென்கிழக்கில், உருபாம்பா ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் மலைமுகட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்குக் குஸ்கோ நகரிலிருந்து நேரடியாகச் செல்லும் மோட்டார்ச் சாலை இன்றுவரை இல்லை. பெரும்பாலோர் ரயிலில் செல்கின்றனர். போகவும் வரவுமான அதன் கட்டணம் வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் நூறு டாலரைத் தாண்டிவிடுகிறது. ‘இன்கா தடம்’ எனப்படும் நான்கு நாள் நடைப்பாதையிலோ, சுமை தூக்குவோர், வழிகாட்டிகள் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி உண்டு. உரிமம் பெற்ற முகவர் வழியாகப் பல மாதங்களுக்கு முன்பே அதற்குப் பதிவு செய்யவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் பணம் இல்லாதவர்கள் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழி: பேருந்திலும் வேனிலும் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் இறங்கி, சாலை முடியும் இடத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டி நடந்து, மலையின் மேற்குப் பக்கத்திலிருந்து நகரை அடைவது. சிக்கனத்துக்காக மேற்கொள்ளப்படும் வழி என்றே இது அறியப்பட்டிருக்கிறது. ஆனால் இன்கா அரசு எதன்மேல் நின்றது என்பதை அறிய விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

தலைநகர் லீமாவிலிருந்து தரைவழியே வருபவர், பசிபிக் கரையின் வறண்ட மணல்வெளியில் நாஸ்கா வரை தெற்கே சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பி, புல்லைத் தவிர ஏதும் விளையாத ‘பூனா’ என்னும் உயர் சமவெளியை 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கடந்து, அபன்காய் வழியாகக் குஸ்கோ வந்து சேர இருபது மணி நேரத்துக்கும் மேலாகிறது. குஸ்கோவே ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உண்டாகும் தலைவலியும் குமட்டலும் மூச்சிரைப்பும் பலரை முதல் நாளிலேயே படுக்கவைத்துவிடுகின்றன. ‘சொரோச்சே’ என்று ஆண்டீஸ் மக்கள் அழைக்கும் இந்த உயர நோய்க்கு அவர்கள் கொடுப்பது கோகா இலை போட்ட வெந்நீர். இந்த இலையிலிருந்துதான் கோகெய்ன் பிரித்தெடுக்கப்படுகிறது என்றாலும், பல ரசாயனப் படிகளைத் தாண்டி எடுக்கப்படும் அந்தப் போதைப்பொருளும், களைப்பும் பசியும் தெரியாதிருக்க ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உழவர்கள் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் இந்தப் பச்சை இலையும் ஒன்றல்ல. மூட்டை மூட்டையாகக் குஸ்கோ சந்தைக்கு வரும் கோகா அங்கே விளைவதில்லை. அது விளையும் வெப்பப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் மச்சு பிச்சுவுக்கான சிக்கனப் பயணம் செல்கிறது.

குஸ்கோவில் ஆள் சேர்ந்ததும் புறப்படும் பகிர்வு வேன்களுக்கு ‘கொலெக்தீவோ’ என்று பெயர். அவற்றில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒயாந்தைதாம்போ என்னும் ஊரை அடையலாம். இன்கா காலத்துத் தெருக்களிலும், அவற்றின் ஓரமாக ஓடும் கல்வாய்க்கால்களின் நடுவிலும் மக்கள் இன்றும் குடியிருக்கும் அரிய ஊர் அது. ஊரின் மேலே, முற்றுப்பெறாத கோயிலொன்றில் ஆறு பெருங்கற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆற்றுக்கு அப்பால், எதிர்மலையின் உயரத்திலுள்ள கச்சிகாத்தா கல்சுரங்கத்திலிருந்து, சக்கரமோ இழுவைக் குதிரையோ இல்லாமல், கயிறும் சரிவுப்பாதையும் மனிதத் தோளுமே துணையாகக் கொண்டுவரப்பட்டவை அவை. பாதி வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்றும் அங்கங்கே கிடக்கின்றன. ‘களைத்த கற்கள்’ என்று ஊரார் அவற்றைக் குறிப்பிடுகின்றனர். ரயிலில் செல்வோர் இங்கே வண்டியேறி ஆற்றோரமாகக் கீழிறங்கிவிட, வேனில் செல்வோர் நேர்மாறாக மேலே ஏறத் தொடங்குகின்றனர்.

வளைவுக்கு மேல் வளைவாக ஏறும் சாலை, வெரோனிக்கா என்னும் பனிமலையின் ஓரத்தில், 4,316 மீட்டர் உயரமுள்ள அப்ரா மாலகா கணவாயில் முடிந்து, மறுபுறம் சரியத் தொடங்குகிறது. அடுத்து வரும் சில மணி நேரம்தான் இப்பயணத்தின் மிகச் செறிவான பகுதி. கணவாயில் பனிமூட்டமும் பாறையும் அல்பாக்கா மேயும் குளிர்ந்த புல்வெளியும்; சற்றுக் கீழே உருளைக்கிழங்கு வயல்கள்; அதற்கும் கீழே பாசியும் பெரணியும் அடர்ந்த முகில்காடு; பின்னர் தேயிலையும் காப்பியும்; சாந்தா மரியா என்னும் சாலைச் சந்திப்பை அடையும்போது, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், வாழையும் மாவும் கோகாவும். காலையில் கம்பளி போர்த்தி ஏறியவர் மதியத்தில் வியர்த்து இறங்குகிறார். நில அமைப்பின் இந்தச் செங்குத்துத் தன்மையே ஆண்டீஸ் நாகரிகத்தின் அடிப்படை என்று மானிடவியலாளர் ஜான் முர்ரா 1972இல் விளக்கினார். ஒரே சமூகம் தன் குடும்பங்களில் சிலவற்றைப் பனிமேட்டில் கால்நடை மேய்க்கவும், சிலவற்றை நடுச்சரிவில் சோளமும் கிழங்கும் விளைவிக்கவும், சிலவற்றை வெப்பப் பள்ளத்தில் கோகா பறிக்கவும் அனுப்பி, விளைச்சலைச் சந்தையில்லாமலே தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை அவர் ‘செங்குத்துத் தீவுக்கூட்டம்’ என்று பெயரிட்டு அழைத்தார். இன்கா அரசர்கள் இந்த ஊர் வழக்கத்தைப் பேரரசின் அளவுக்கு விரித்தனர். நாணயம் இல்லாத அந்த அரசில் வரி என்பது உழைப்பாகவே செலுத்தப்பட்டது, அந்த உழைப்பின் விளைவு மாவட்டந்தோறும் கட்டப்பட்ட களஞ்சியங்களில் சேமிக்கப்பட்டது. புத்தகத்தில் வரைபடமாக மட்டும் தெரியும் இந்தக் கருத்தை, அப்ரா மாலகாவிலிருந்து இறங்கும் வேனின் சன்னல் கண்ணெதிரே விரித்துக் காட்டிவிடுகிறது.

இந்தக் கணவாய்ப் பகுதி வரலாற்றிலும் ஒரு வாசலாக இருந்திருக்கிறது. ஸ்பானியரின் பொம்மை அரசனாக முடிசூட்டப்பட்டுப் பின்னர் கிளர்ந்தெழுந்த மாங்கோ இன்கா, 1537இல் ஒயாந்தைதாம்போவில் ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோவின் படையைத் திருப்பியடித்தார். ஆயினும் அந்த இடத்தை நெடுங்காலம் காக்க முடியாதென்று கண்டு, அப்ரா மாலகாவுக்கு அருகிலுள்ள பந்திகாயா கணவாயைக் கடந்து வில்கபாம்பா என்னும் காட்டுநாட்டுக்குள் சென்றார். அங்கே அவரும் அவருடைய மைந்தரும் நடத்திய சிற்றரசு, கடைசி இன்காவான துபாக் அமாரு பிடிக்கப்பட்டு 1572இல் குஸ்கோவின் சதுக்கத்தில் தலை துண்டிக்கப்படும்வரை நீடித்தது. அதன் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இப்பள்ளத்தாக்குக்குச் சென்று வந்த வணிகரும் பாதிரியாரும் அதிகாரிகளும் கணவாய் வழியையே பயன்படுத்தினர். ஆற்றின் செங்குத்தான கருங்கல் பிளவு வழியே செல்ல நல்ல பாதை இல்லாததால், மச்சு பிச்சுவைத் தாங்கிய மலையின் பின்புறமாகவே அவர்கள் சென்று திரும்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆற்றோரமாகக் கோவேறு கழுதைப் பாதை வெட்டப்பட்டது. 1911 ஜூலை 24 அன்று அமெரிக்கரான ஹிராம் பிங்கம் அந்தப் பாதையில் வந்து, மெல்சோர் அர்த்தேயாகா என்னும் உழவர் வழிகாட்ட, மேலே ஏறினார். அங்கே ரிச்சார்தே, அல்வாரெஸ் என்னும் இரு குடும்பங்கள் இன்கா படிக்கட்டு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. அகுஸ்தீன் லிசாராகா என்பவர் 1902இலேயே சுவரில் தம் பெயரை எழுதிவிட்டுச் சென்றிருந்தார். எனவே ‘கண்டுபிடித்தவர்’ என்ற சொல்லைப் பிங்கமுக்குக் கொடுப்பது நியாயமன்று. உலகுக்கு அறிவித்தவர் என்பதே அவருக்குரிய இடம்.

சாந்தா மரியாவிலிருந்து ஆற்றின் மேலே மலைச்சரிவைக் குடைந்து செல்லும் குறுகிய சாலை சாந்தா தெரேசாவை அடைகிறது. இன்று காணப்படும் இந்த ஊர் பழைய ஊரன்று. 1998இல் மலைகளிலிருந்து சேறும் பாறையுமாகப் பெருக்கெடுத்து வந்த வெள்ளம் பழைய ஊரை அழித்தது. அதே ஆண்டில் அயோபாம்பா ஓடையில் வந்த இன்னொரு பெருக்கு மச்சு பிச்சு நீர்மின் நிலையத்தை மூழ்கடித்து, குஸ்கோவிலிருந்து கீயாபாம்பா வரை ஓடிய ரயில் பாதையையும் துண்டித்தது. ரயில் அதன்பின் மின்நிலையத்தைத் தாண்டி ஓடவேயில்லை. காப்பியையும் பழத்தையும் ரயிலேற்றிக் குஸ்கோவுக்கு அனுப்பி வாழ்ந்த உழவர்கள் ஒரே பருவத்தில் உலகின் கோடியில் விடப்பட்டனர். ஆற்றைக் கடக்கக் கம்பியில் தொங்கும் கூடையைத்தான் அவர்கள் நம்பியிருந்தனர். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்துக்கு ஊறு வரும் என்ற மத்திய அரசின் எதிர்ப்பையும் மீறி, 2007இல் உள்ளூர் நிர்வாகம் ஆற்றின் குறுக்கே ஒரு பாலத்தைக் கட்டி முடித்தது. தொல்லிடம் காக்கப்பட வேண்டும் என்ற கவலை பொய்யன்று. ஆயினும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோரை ரயிலில் ஏற்றி வர இசைந்த ஓர் ஏற்பாடு, பள்ளத்தாக்கு மக்களின் ஒரு பாலத்தை மட்டும் ஆபத்து என்று கண்டது ஏற்கத்தக்கதாக இல்லை. இன்று சிக்கனப் பயணிகளால் சாந்தா தெரேசாவின் விடுதிகளும் உணவுக்கடைகளும் வேன் ஓட்டுநர்களும் பிழைப்பதற்கு அந்தப் பாலமே வழி செய்தது.

மின்நிலையம் அமைந்த இடத்தின் பெயரே ‘இத்ரோஎலெக்த்ரிக்கா’. சாலை இங்கே முடிகிறது. சோதனைச்சாவடியில் பெயரைப் பதிந்து, காட்டுக்குள் செங்குத்தான ஒரு குறுக்குப் பாதையில் ஏறி மேல் தண்டவாளத்தை அடைந்தபின், ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குச் சமதரைதான். சாதாரண நடையில் மூன்று மணி நேரம். தண்டவாளம் 914 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை; குறுக்குக்கட்டைகளின் இடைவெளி எந்த மனிதரின் காலடிக்கும் பொருந்துவதில்லை என்பதால், ஓரத்துச் சரளையில் தேய்ந்துகிடக்கும் ஒற்றையடித் தடத்திலேயே எல்லோரும் நடக்கின்றனர். குஸ்கோவிலிருந்து அளக்கப்பட்ட தூரத்தைக் காட்டும் கற்கள், 122இல் தொடங்கி 110ஐ நோக்கி ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஓரத்தில் வாழைத்தோட்டம், ஓலைக்கூரையின் கீழே ஒரு பெண் வேகவைத்த சோளத்தையும், ஆரஞ்சு நிற ஓட்டுக்குள் இனிப்பான விதைக்கூழ் நிறைந்த கிரனாதியா பழத்தையும் அடுக்கி வைத்திருக்கிறார், தோளில் மூட்டையுடன் எதிரே வரும் உழவர் வணக்கம் சொல்லாமல் கடப்பதில்லை. வளைவுக்கு அப்பாலிருந்து ரயிலின் ஊதல் கேட்டதும் நடப்போர் அனைவரும் புதருக்குள் ஒதுங்கி நிற்க, பெட்டிகள் முழங்கைத் தொலைவில் உரசிச் செல்கின்றன. சற்று நேரம் அண்ணாந்து பார்ப்பவருக்கு, ஆற்றின் வளைவுக்கு மேலே, காட்டின் பச்சைக்கும் வானுக்கும் இடையில், மனிதர் அடுக்கிய நேர்கோடுகள் சில தென்படும். மச்சு பிச்சுவின் படிக்கட்டு வயல்கள் அவை. அத்தனை உயரத்தில் கல் அடுக்கியவர்களும் இந்தச் சரிவுகளில் காலால் ஏறி இறங்கியவர்களே என்பது, கால் வலிக்கத் தொடங்கியபின்தான் உறுதியாக விளங்குகிறது.

இந்த நடை சென்றுசேரும் அகுவாஸ் காலியெந்தேஸ், ரயில் பாதையால் உருவாகிச் சுற்றுலாவால் பெருத்த ஊர். அங்கே தங்கும் இரவைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கிருந்து மேலே செல்லும் பேருந்துக்கு வெளிநாட்டவர் ஒரு வழிக்கு 12 டாலர் கொடுக்க வேண்டும்; அதைச் சேமிப்பவர், விடியுமுன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பேருந்துச் சாலையின் வளைவுகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கற்படிகளில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறுகிறார். நுழைவுச்சீட்டில் மட்டும் சிக்கனத்துக்கு இடமில்லை: நாளும் நேரமும் சுற்றுப்பாதையும் குறித்தே அது விற்கப்படுகிறது, வறண்ட பருவத்தில் வாரக்கணக்கில் முன்னரே தீர்ந்தும் விடுகிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் பேரரசர் பச்சகுத்தியின் அரச உறைவிடமாக எழுந்த நகரம் இது என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. அங்குக் கிடைத்த எலும்புகளின் கதிரியக்கக் கரிமக் கணிப்பு, ஏறத்தாழ 1420 முதலே மக்கள் இங்கு இருந்ததைக் காட்டுகிறது. அந்த எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, இங்கே ஊழியம் செய்து இறந்தோர் கடற்கரையிலிருந்தும் அமேசான் காட்டிலிருந்தும் திதிகாக்கா ஏரிக்கரையிலிருந்தும் வந்தவர்கள் என்பது தெரியவந்தது. அரசனின் கட்டளையால் அத்தனை தொலைவையும் நடந்தே கடந்தவர்கள் அவர்கள். தாங்கள் பிறந்த மண்ணுக்குத் திரும்பாதவர்கள். கோயில்களின் வழவழப்பான சுவர்களைப் பார்த்து வியப்போர், சற்றுக் குனிந்து சுவரின் அடியையும் பார்க்க வேண்டும்: அங்கங்கே கையளவு வாயுடன் வடிகால் துளைகள் இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் சரிவில் நகரம் ஐந்நூறு ஆண்டுகள் வழுக்காமல் நிற்பதற்குக் காரணம் மண்ணுக்குள் உள்ளது. நீரியல் பொறியாளர் கென்னத் ரைட், இங்குச் செலவான உழைப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலத்தடியில், அடித்தளத்திலும் வடிகாலிலும் புதைந்திருப்பதாக மதிப்பிட்டார். ஒவ்வொரு படிக்கட்டு வயலின் கீழும் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், அதன்மேல் சுமந்து வந்து பரப்பிய மண் என்று அடுக்கப்பட்டுள்ளது. ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கல்வாய்க்காலில் வரும் தண்ணீர் பதினாறு நீர்த்துறைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகிறது.

இந்நகரம் தனித்து நின்றதன்று. ‘கப்பாக் ஞான்’ என்னும் அரசப் பெருவழி, இன்று ஆறு நாடுகளில் 30,000 கிலோமீட்டருக்கு மேல் பரந்து, 2014இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சாலைவலையின் கிளைகள் இங்கும் வந்து சேர்ந்தன. கிழக்கே சூரிய வாசல் வழியாகக் குஸ்கோவை நோக்கிச் செல்லும் கிளையில்தான் இன்கா தடத்தின் பயணிகள் இறங்கி வருகின்றனர். மேற்கே இன்னொரு கிளை, செங்குத்தான பாறைமுகத்தில் கல்லை அடுக்கி உண்டாக்கிய ஓராள் அகலப் பாதையாகச் செல்கிறது. அதன் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, மேலே மரத்துண்டுகளைப் போட்டிருந்தனர். பகைவர் வந்தால் மரத்தை எடுத்துவிட்டால் போதும், வழி அற்றுப்போகும். ‘இன்கா பாலம்’ எனப்படும் அந்த இடத்துக்கு அப்பால் நடக்க இன்று அனுமதியில்லை. ஆனால் பாதை நோக்கும் திசை தெளிவாகத் தெரிகிறது: அயோபாம்பா ஓடையையும், சாந்தா தெரேசாவையும், கோகா விளையும் வெப்பநாட்டையும் நோக்கி, வேனிலிருந்து இறங்கிய பயணிகள் தண்டவாளத்தை ஒட்டி நடந்துவந்த அதே மேற்குத் திசையில் அது செல்கிறது.